இரும்பு வளருமா?

சந்தேகம் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நல்ல பெயர்தான், வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவள் நாற்காலியை விட்டு எழுந்து யார் மேசைப் பக்கம் போனாலும் முதலில் சொல்வது "எனக்கு ஒரு சந்தேகம்" என்பதுதான். முதல் வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அதையே பெயராக்கிவிட்டார்கள். "சந்தேகம் வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "இன்னைக்கு லீவு, சந்தேகமே இல்ல" என்று இன்னொருவர் சொல்வார். இந்த ஒரே நகைச்சுவையை வைத்துக்கொண்டு எட்டு மாதத்தை ஓட்டிய அலுவலகம் அது. அவள் காதிலும் எல்லாம் விழும். சிரித்துக்கொண்டே, "கேட்டாத்தானே சார் தெரியும்" என்று மறுபடி கேட்க வந்துவிடுவாள்.

அவளிடம் அதிகமாக மாட்டிக்கொண்டு முழித்தவர் அளவுக்காரர்.

அவருடைய வேலை இரும்பின் தடிமனை அளப்பது. கொதிகலன், தொட்டி, குழாய், படகின் அடிப்பாகம் என்று எதையெல்லாம் அறுத்துப் பார்க்க முடியாதோ அதையெல்லாம் அறுக்காமலே அளந்து சொல்வார். கையில் ஒரு சின்ன மீட்டர், அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் ஒரு புரோப். இரும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு ஜெல் வைத்து, அதன் மேல் புரோப்பை அழுத்திப் பிடித்தால் மனிதக் காதுக்கு எட்டாத ஒலி ஒன்று உள்ளே போகும். மறுபக்கத்தில் முட்டித் திரும்பி வரும். போய் வந்த நேரத்தைக் கணக்குப் போட்டு, இங்கே இரும்பு இத்தனை மில்லிமீட்டர் என்று மீட்டர் சொல்லிவிடும். உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்பது வெளியே நின்றபடியே தெரிந்துவிடும். அவர் போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர், "என்ன டாக்டர், எத்தனை மாசம்?" என்று கேட்காமல் விட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொருவரும் அதைத் தானே முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவரும், பாவம், ஒவ்வொரு தடவையும் சிரித்துவைப்பார்.

மற்றபடி தங்கமான மனிதர். "என் கை பொய் சொல்லாது" என்ற ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அளந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். அதைக் கணினியில் ஏற்றி அறிக்கையாக்குவது சந்தேகத்தின் வேலை. படிவத்தில் 'முந்தைய அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கேட்பார் இல்லை. இவள் பழைய கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்கி, தூசி தட்டி, தும்மித் தும்மி, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவாள். நிரப்பியவள் சும்மா இருப்பாளா?

"சார், எனக்கு ஒரு சந்தேகம். இங்க ஒரு வருஷத்துல இவ்வளவு குறைஞ்சிருக்கு, அங்க குறையவே இல்ல. ஏன் சார் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயல?"

"அதை இரும்பைத்தான் கேக்கணும்."

இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். அவள் போனதும் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் அளக்கப் போனது ஒரு சலவைக்கூடத்தின் நீராவித் தொட்டியை. மருத்துவமனைகளின் போர்வைகள், படுக்கை விரிப்புகள், அறுவை அறைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகிற பெரிய சலவைக்கூடம். கொதிகலனில் உண்டாகும் நீராவி முதலில் இந்தத் தொட்டிக்கு வந்து, இங்கிருந்துதான் இஸ்திரி இயந்திரங்களுக்கும் உலர்த்தும் இயந்திரங்களுக்கும் பிரிந்து போகும். நான்கு கால்களின் மேல் படுத்துக் கிடக்கிற பெரிய கறுப்பு உருளை. அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் எருமை. வருடாந்தரப் பராமரிப்புக்காக மூன்று நாள் நீராவியை நிறுத்தி, எருமை மேல் சூடு போகாமலிருக்கச் சுற்றியிருந்த பஞ்சுப் போர்வையைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

எருமையைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் ஆபரேட்டர் அவருடைய மாப்பிள்ளைதான். கூடப் பிறந்த ஒரே தங்கையின் கணவர். வாயைத் திறந்தால் கிண்டல் இல்லாமல் மூடத் தெரியாதவர்.

"வாங்க டாக்டர் மச்சான். நம்ம எருமைக்கு எத்தனாவது மாசம்?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும் மாப்ளே. ராத்திரி பகலா கூட இருக்கறது நீங்க."

மாப்பிள்ளை வாயடைத்துப்போய் நிற்பது அபூர்வம். அன்று நின்றார். அந்தச் சந்தோஷத்திலேயே அளவுக்காரர் வேலையை ஆரம்பித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வழக்கமாக எடுத்துப்போவது சின்னப் புரோப். பட்டாணி அளவுதான் இருக்கும். எட்டு நாளுக்கு முன்னால் அதன் வயர் முனையில் அறுந்துவிட்டது. புது வயர் திங்கட்கிழமை பார்சலில் வந்தது. வந்த பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டு மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். தடித்த இரும்புக்கென்று இன்னொரு புரோப் இருந்தது, கட்டைவிரல் பருமனுக்கு. "பெரிசு இருக்கே, போதும்" என்று அதையே எடுத்துக்கொண்டு சுற்றினார்.

வேலையைத் தொடங்குமுன் மீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு இரும்புத் துண்டு உண்டு. குட்டிப் படிக்கட்டு மாதிரி ஐந்து படி. கீழ்ப்படி இரண்டரை மில்லிமீட்டர், மேல்படி பன்னிரண்டரை. ஒவ்வொரு படியிலும் புரோப்பை வைத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அளவுக்காரர் மேலே நான்கு படியைப் பார்த்தார். கடைசிப் படியை விட்டுவிட்டார். எருமையின் தோல் புதிதில் எட்டு மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் தகட்டுக்கு இரண்டரையில் என்ன வேலை?

தொட்டியில் நாற்பத்தெட்டு புள்ளிகள். சாக்பீஸால் எண் போட்டு, ஒவ்வொன்றாகச் சுரண்டி, ஜெல் தடவி, அழுத்தி, எழுதிக்கொண்டே போனார். ஏழு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி ஒன்று, ஏழு என்று வந்தன. இடது கோடியில், அடிவயிறு போல் வளைகிற இடத்தில் முப்பத்தொன்றாவது புள்ளி. அங்கே மீட்டர் ஒரு கணம் தடுமாறிவிட்டு ஐந்து புள்ளி எட்டில் நின்றது. கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, பரவாயில்லை. நான்குக்குக் கீழே போனால்தான் நீராவி ஏற்றக் கூடாது. எழுதிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டே, "ஓகே மாப்ளே. நாளைக்குக் காலைல பத்த வைங்க. பேப்பர் மத்தியானத்துக்குள்ள வந்துடும்" என்றார்.

மறுநாள் காலை பத்தேகால் மணிக்குச் சந்தேகம் ஒரு பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்கு வந்தாள்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"இரும்பு வளருமா?"

அக்கம்பக்கத்து மேசைகளில் சிரிப்பு வெடித்தது. "தினமும் தண்ணி ஊத்தினா வளரும்" என்றது ஒரு குரல். அவள் காதில் வாங்கவில்லை. கோப்பை விரித்து விரலை வைத்தாள்.

"முப்பத்தொண்ணாவது புள்ளி சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அஞ்சு புள்ளி ஒண்ணு. நேத்து நீங்க எழுதியிருக்கறது அஞ்சு புள்ளி எட்டு."

"அப்ப அளந்தவர் ஒரு விரல் தள்ளி வெச்சு அளந்திருப்பார். விரலுக்கு விரல் மாறும்மா அது. போ, டைப் பண்ணு. மத்தியானத்துக்குள்ள குடுக்கணும்."

அவள் போகவில்லை.

"மத்த நாப்பத்தேழு புள்ளியும் குறைஞ்சிருக்கு சார். இது ஒண்ணுதான் ஏறியிருக்கு. வீட்டுல எல்லாரும் இளைச்சுக்கிட்டு வர்றப்ப ஒருத்தர் மட்டும் எப்படி சார் சதை போடுவாங்க?"

அளவுக்காரரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பென்சிலை எடுத்து, 5.8 என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, பாதியாக்கினார். 2.9.

ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வது மனிதர்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. மீட்டருக்கும் அது உண்டு. இரும்பு ரொம்ப மெலிந்துபோனால் ஒலி போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். பெரிய புரோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் அதைப் பிடிக்கத் தெரியாது, கோட்டை விட்டுவிடும். அந்த ஒலி மறுபடி உள்ளே போய், மறுபடி முட்டித் திரும்புகிறபோதுதான் பிடிக்கும். இரண்டு தடவை போய் வந்த நேரத்தை ஒரு தடவை என்று எடுத்துக்கொண்டு இரண்டு மடங்கு தடிமனைச் சொல்லும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்கள். அளவுக்காரருக்கு அது தெரியாமல் இல்லை. கடைசிப் படியில் வைத்துப் பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாய்லர் அறைக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். சலவைக்கூடத்து அலுவலக எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து பார்சலை எடுத்தார். மீட்டரையும் சின்னப் புரோப்பையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பார்த்தால் பின்னால் சந்தேகம் கோப்போடு நிற்கிறாள்.

"நீ எதுக்கும்மா?"

"போன தடவை அளந்தவர் படம் போட்டு எந்த இடம்னு குறிச்சு வெச்சிருக்கார் சார். நான் காட்டறேன்."

ஏறிக்கொள்ளச் சொன்னார்.

அரை மணி நேர வழி. இரண்டு சிக்னல் தாண்டும் வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அளவுக்காரருக்கு அதுவே பயமாக இருந்தது. பாய்லரை ஒன்பது மணிக்குப் பற்ற வைத்திருப்பார்கள். அழுத்தமானியின் முள் ஏழு வரைக்கும் ஏற வேண்டும். ஏற ஏற மாப்பிள்ளை எருமையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்ப்பார், எங்காவது கசிகிறதா என்று. அவர் வழக்கம் அது. தங்கைக்கு அந்த மனிதர்தான் உலகம். கல்யாணத்தன்று தங்கையின் கையைப் பிடித்து அவர் கையில் கொடுத்தது அண்ணன்தான். அதே கையால்தான் நேற்று ஐந்து புள்ளி எட்டு என்று எழுதினார்.

மூன்றாவது சிக்னலில் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார், நான் சொன்னது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ரொம்ப சந்தோஷம்மா" என்றார். மனதாரச் சொன்னார்.

பாய்லர் அறைக்குள் நுழைந்தபோது அழுத்தமானியின் முள் நான்கைத் தாண்டியிருந்தது. எருமைக்குப் போர்வையை மறுபடி மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அதன் இடது கோடியில் குனிந்து ஒரு குழாய் மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், பேப்பருக்குக் காவலா ஆளையும் கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"மாப்ளே, இந்தப் பக்கம் வாங்க."

"இருங்க, இந்தக் குழாயை மட்டும்..."

"வாங்கன்னா வாங்க! பர்னரை அணைங்க. நீராவியை வெளிய விடுங்க. எருமை கிட்டயே போகாதீங்க."

மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பர்னரின் உறுமல் அடங்கியது. கூரைக்கு மேலே நீராவி சீறிக்கொண்டு வெளியேறியது. மூவரும் முற்றத்துக்கு வந்து நின்றார்கள்.

சத்தம் கேட்டு மேலாளர் அம்மா ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, மூன்று நாள் தேங்கிய அழுக்கு மூட்டைகள் கூரை வரை தெரிந்தன.

"யார் அணைக்கச் சொன்னது?"

"நான்தாம்மா. நேத்து நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான். அது தப்பா இருக்கும்னு இப்பத் தோணுது."

"தோணுதா? தப்பா, இல்லையா?"

"இரும்பு ஆறினாத்தான் அளந்து சொல்ல முடியும். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"ரெண்டு மணி நேரம் கழிச்சு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்கன்னா? நாலு ஆஸ்பத்திரி துணி உள்ள கிடக்கு. அதுக்கு யார் பதில் சொல்றது?"

சந்தேகம் வாயைத் திறந்தாள். கேள்வி கேட்டதே தான்தான் என்று சொல்லப்போகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் பதில் சொல்றேம்மா" என்றார்.

முற்றத்துச் சுவரோரம் ஒரு பழைய மூட்டைத் தள்ளுவண்டி கிடந்தது. அதன் மேல் அளவுக்காரரும் சந்தேகமும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அறை வாசலில் நின்று முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. அளவுக்காரர் பார்சலைப் பிரித்தார். புது வயரைச் சின்னப் புரோப்பில் மாட்டினார். அப்புறம் ஏதோ தோன்றி, இரும்புப் படிக்கட்டை எடுத்து அவள் மடியிலிருந்த கோப்பின் மேல் வைத்தார்.

"நீயே பாரு. முதல்ல பெரிய புரோப். ஜெல் ஒரு சொட்டு போதும். கீழ்ப்படியில வெச்சு அழுத்து. ஆட்டாம பிடி."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மீட்டர் தடுமாறி நின்றது.

"அஞ்சுன்னு காட்டுது சார். ஆனா இதுல ரெண்டரைன்னு பொறிச்சிருக்கே?"

"ஆமா."

"நேத்து இந்தப் படியில வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

சின்னப் புரோப்பை அவளே மாற்றி மாட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டரை என்றது. அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. கேள்விகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. ஒலி ஏன் மறுபக்கத்தோடு திரும்பிவிடுகிறது, வெளியே போகாதா? ஜெல் எதற்கு? பெயின்ட் இருந்தால் என்ன ஆகும்? ஒரே தொட்டியில் ஓரிடம் மட்டும் ஏன் அரிக்கிறது? எட்டு மாதமாக அவள் கேட்டு, அவர் கண்ணைச் சிமிட்டி அனுப்பிய அதே கேள்விகள். அத்தனைக்கும் அன்றைக்குப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். சொல்லச் சொல்ல அவருக்குத் தன் தொழில் மேலேயே ஒரு மரியாதை வந்தது. இந்தப் பெண்ணைப் போய் ஊரே சேர்ந்து கேலி செய்தோமே, அதற்குத் தலைமை தாங்கினதே நான்தானே என்று வெட்கமாக இருந்தது.

"சார், இந்தப் பெரிய புரோப்பை எத்தனை நாளா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஒன்பது நாளா." சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. அதே புரோப்பால் அளந்த இடங்கள் இன்னும் மூன்று. உடனே போனை எடுத்தார். மூன்று இடத்துக்கும் ஒரே பேச்சைப் பேசினார்: நான் எழுதிக் கொடுத்த அளவை நம்ப வேண்டாம், மறுபடி வந்து அளக்கிறேன், அதுவரை ஓட்ட வேண்டாம். ஒருவர் திட்டினார். ஒருவர் சிரித்தார். மூன்றாமவர், "என்ன சார், உங்க கை பொய் சொல்லாதும்பீங்களே" என்றார். "சொல்லிடுச்சு சார்" என்றார் அளவுக்காரர்.

ஒரு மணிக்குத் தொட்டி கை வைக்கிற சூட்டுக்கு வந்தது. மாப்பிள்ளை இடது கோடியில் மட்டும் போர்வையைக் கழற்றினார். சந்தேகம் கோப்பிலிருந்த படத்தைப் பார்த்து இடத்தைக் காட்டினாள். அளவுக்காரர் மண்டியிட்டு, ஜெல் தடவி, சின்னப் புரோப்பை வைத்தார். மேலாளர் அம்மா வாசலில் நின்றார்.

இரண்டு புள்ளி ஒன்பது.

ஒரு விரல் கீழே நகர்த்தினார். இரண்டு புள்ளி நான்கு. பக்கத்தில் ஒன்று புள்ளி ஒன்பது. இன்னும் நகர்த்தினார். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் முழுக்கத் தேய்ந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்க வேண்டும், தேங்கின தண்ணீர் ஆற அமரத் தின்றிருக்கிறது. சாக்பீஸால் அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

"ஏழு வரைக்கும் ஏத்தியிருப்போம்" என்றார் மேலாளர் அம்மா. காலையில் இருந்த குரலே இல்லை. "துணியை நான் வேற இடத்துக்கு அனுப்பிக்கறேன். நீங்க ஓடி வந்ததுக்கு..."

"எனக்கு வேண்டாம்மா. இந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க. நான் தப்பா எழுதினவன். கண்டுபிடிச்சது இவ."

மாப்பிள்ளை கிட்டே வந்தார். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து கிண்டலாக ஏதாவது வந்துவிடாதா என்று அளவுக்காரர் ஏங்கினார்.

மணி ஒன்றரை. வாசலில் செருப்புச் சத்தம்.

"இன்னைக்காவது சூடா சாப்பிடுவீங்கன்னு ஓட்டமா வந்தேன். பாத்தா வெளிய எல்லாரும் சும்மா நிக்கறாங்க. அட, அண்ணா! நீ எப்ப வந்தே?"

அவருடைய தங்கை. பக்கத்துத் தெருவில் தையல் கடையில் வேலை. பாய்லர் ஓடும்போது ஆபரேட்டர் அதை விட்டு நகர முடியாது. அதனால் மதியம் இரண்டு பேருக்கும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவளே இங்கே வந்துவிடுவாள். அண்ணனுக்கு அது தெரியும். ஆனால் இங்கே எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

தங்கை பேசிக்கொண்டே சுவரோரம் நிறுத்தியிருந்த ஒரு குட்டை பெஞ்சை இழுத்தாள். எருமையின் இடது கோடியை ஒட்டிப் போட்டாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காலையிலிருந்து தையல் மெஷினில் குனிந்து வலிக்கிற முதுகைப் பின்னால் சாய்த்தாள்.

"என்னங்க இது, சூடே இல்லாம கிடக்கு? மூணு நாளா ஒத்தடம் இல்லாம முதுகு கழண்டு போச்சு, இன்னைக்குச் சூடா இருக்கும்னு வந்தா... ஐயே, ஈரமா வேற இருக்கு!"

சாக்பீஸ் வட்டம் அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். தங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

அளவுக்காரர்தான் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. பிரிக்காமல் போட்ட பார்சல், வைத்துப் பார்க்காத கடைசிப் படி, ஐந்து புள்ளி எட்டு, ஓகே என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். "நீ சாஞ்சிருக்கியே, அந்த இடம்தாம்மா" என்று அவள் முதுகுப் பக்கம் காட்டினார். "இந்தப் பொண்ணு இரும்பு வளருமான்னு கேட்டா. நான் போன்னு சொன்னேன். போகாம நின்னா. அவ மட்டும் போயிருந்தா..." அதற்கு மேல் முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பாய்லர் அறையிலும் அழாத மனிதர் அங்கே அழுதார். பயத்தில் வந்த அழுகை இல்லை அது. தனக்கு மிஞ்சியிருப்பதையெல்லாம் கண்ணெதிரே பார்த்த அழுகை.

தங்கை பெஞ்சிலிருந்து எழுந்தாள். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சந்தேகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லக்கா. பரவாயில்ல, ஆபீஸ்ல டப்பா..."

"இங்க வா."

கூடத்துக்கு வெளியே தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு பேர் சாப்பாட்டை நான்கு பேர் சாப்பிட்டார்கள். தங்கை பெரிய பங்கை அந்தப் பெண்ணுக்கு வைத்தாள். அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தவள் சாப்பாடு முடிகிற வரை விடவே இல்லை. சந்தேகமும் கையை உருவிக்கொள்ளவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக எதுவும் கேட்காமல் குனிந்து சாப்பிட்டாள்.

டப்பாவைக் கழுவத் தங்கை எழுந்து குழாய்ப் பக்கம் நடந்தாள். அவள் முதுகில் அந்த வட்டம் ஒரு பக்கம்கூட அழியாமல் வெள்ளையாகப் பதிந்திருந்தது. மாப்பிள்ளை அதைத் தட்டிவிட எழுந்தார். இரண்டடி போனவர், போகாமல் திரும்பிச் சந்தேகத்தின் முன்னால் வந்து நின்றார். பர்னரை அணைத்ததிலிருந்து அவர் வாயில் ஒரு கிண்டலும் வந்திருக்கவில்லை.

"தாயே" என்றார். வேறு வார்த்தை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.